செடியா, பிராணியா?

எண்ணூர்ப் பக்கம், கப்பலில் வரும் சரக்கைச் சோதிக்கும் ஒரு கிடங்கில் அந்த அதிகாரியைச் சந்தித்தேன். தொப்பைக்கு மேல் ஏறி நின்ற பெல்ட், மூக்கு நுனியில் கண்ணாடி. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் மோந்து பார்ப்பார். என் பெட்டியையும் மோந்தார்.

உள்ளே இருந்தது, எங்கள் கல்லூரிக் கண்காட்சிக்காக வரவழைத்த பிளாஸ்டர் அச்சு. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் கடலடியில் வாழ்ந்த, ஓலை போன்ற ஓர் உயிரின் புதைபடிவத்திலிருந்து எடுத்தது. மறுநாள் கண்காட்சி.

“பில்லுல உயிரின்னு போட்டுகீதே மேடம். செடின்னா ஒரு ஆபீஸ், பிராணின்னா வேற ஆபீஸ். இது இன்னா?”

“வெறும் பிளாஸ்டர் சார்!”

“அது தெரியுது. எதோட பிளாஸ்டர்?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடியில்லை, பிராணியாக இருக்கலாம், அதிலும் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை என்று கத்தினேன்.

“படிச்சவங்க நீங்களே முடிவு பண்ணல. நான் இன்னான்னு எழுதறது?” என்று பேனாவை மூடிவிட்டுச் சாப்பிடப் போனார்.

திரும்பி வந்து மறுபடி மோந்தார். “வாய் எங்க?” இல்லை என்றேன். “வயிறு?” அதுவும் இல்லை, கடல் தண்ணீரில் கரைந்திருந்ததை உடம்பாலேயே உறிஞ்சியிருக்கலாம் என்றேன்.

மூடிய பேனாவைத் திறந்தார். ‘பிளாஸ்டர்’ என்று மட்டும் எழுதி முத்திரை குத்தினார்.

“கம்பெனி கழிவெல்லாம் கலக்குற நம்ம கடல்ல வுட்டா இது ஒரு நாள் தாங்காது மேடம். பத்திரமா எத்துகினு போங்க.”

காலையிலேயே எழுதித் தொலைத்திருக்கலாமே என்று ஆட்டோவில் பல்லைக் கடித்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டு நின்றபோது, அப்படி என்னத்தைத்தான் மோந்தார் என்று பெட்டியைத் திறந்து நானும் மோந்தேன்.

அதற்குள் எண்ணூர் நாற்றம் அதில் ஏறிவிட்டிருந்தது.