பொதுச்சுவரில் ஒரு கக்கூஸ்

இந்த நாட்டில் பிறந்தநாள் காலண்டரைக் கக்கூசில் மாட்டுகிறார்கள். நெதர்லாந்துக்கு வந்த புதிதில், உடன் வேலை பார்க்கும் மார்லூஸ் வீட்டு விருந்தில்தான் முதலில் பார்த்தேன். கதவைச் சாத்தி உட்கார்ந்தால் மூக்குக்கு நேரே அவள் மாமியார் பெயர் தொங்குகிறது. எங்கள் பக்கம் மாமியார் பெயரை அங்கே எழுதினால் குடும்பமே ஸ்டேஷன் ஏறும். அறையோ முழங்கால் கதவில் இடிக்கிற அளவு. அதனால் பீங்கானைத் தரையில் வைக்காமல் சுவரில் தொங்கவிட்டு, தண்ணீர்த் தொட்டியைச் சுவருக்குள் புதைத்து வைத்திருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்தான். ஆனால் கழுவத் தண்ணீர் கிடையாது. கக்கூஸ் என்ற சொல்லையே இந்த டச்சுக்காரர்கள்தான் நாகப்பட்டினத்தை ஆண்டபோது அங்கே விட்டுவிட்டுப் போனார்கள் என்பார்கள். சொல்லைக் கொடுத்தவர்கள் பதிலுக்கு ஒரு சொம்பையாவது வாங்கிக்கொண்டு போயிருக்கலாம்.

அந்தத் தொங்கும் பீங்கானை நான் மறுபடி நினைத்தது அப்பா விழுந்த பிறகு. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். குறுவை நடவு சமயத்தில் வரப்பில் வழுக்கி விழுந்தவருக்கு ஆபரேஷன் ஆயிற்று. வலது முழங்கால் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா இல்லை. நான் ஒரே பெண். வீட்டில் இருந்தது கொல்லைக் கடைசியில் குந்தி உட்காருகிற பழைய கக்கூஸ். வயல் வேலைக்கு வருகிறவர்தான் அப்பாவைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்து எழுப்பினார். அந்த வெட்கத்தில் அப்பா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். போனில் இது தெரிந்ததும் எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஊருக்கு நெல் விளைவிக்கிற ஆள் கக்கூசுக்குப் பயந்து பட்டினி கிடப்பாரா?

லீவு கேட்டபோது மார்லூசிடம் சொன்னேன். அப்பாவை இங்கேயே அழைத்து வந்துவிடேன் என்றாள். வரமாட்டார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த வீட்டில் தங்கமாட்டார் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. அப்பாவுக்கும் உனக்கும் அப்படி என்ன பகை, மனம் விட்டுப் பேசினால் சரியாகிவிடும் என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பகையில்லை தாயே, இது மரியாதை என்று விளக்கினேன். இன்னும் இறுக்கிப் பிடித்தாள். விட்டுவிட்டேன். அப்பா தன் வீட்டில் தனியாக இருக்கவேண்டும் என்றால் தனியாகக் கக்கூஸ் போக முடியவேண்டும். என் லீவு முடிவதற்குள் அதைச் செய்தாகவேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

ஊருக்கு வந்து இடம் என்று பார்த்தால் மாடிப்படிக்குக் கீழே உடைந்த ஸ்பிரேயரும் சாக்கும் போட்டிருந்த சந்துதான். அதில் சாதாரண வெஸ்டர்ன் வைத்தால், பின்னால் தொட்டி, முன்னால் அப்பாவின் நீட்டிய கால், கதவு சாத்தாது. தஞ்சாவூரில் ஒரு கடைக்கு அவரைக் கூட்டிப்போனேன். கண்ணாடி வைத்த கடை, வெளியே ரோடு. அப்பா ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தார். மாடு பிடிக்கப் போனவர் போல எல்லாவற்றையும் தட்டினார். அந்த வழியாகப் போன எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உள்ளே எட்டிப்பார்த்து, "என்னண்ணே, இங்க வந்து உக்காந்திருக்கீங்க?" என்று குசலம் விசாரித்தார். "பாப்பா வாங்கித் தருது. நீ போ" என்றார் அப்பா, எழுந்திருக்காமலே.

இருப்பதிலேயே நீளம் குறைந்த தொங்கும் பீங்கானை நான் காட்டினேன். அதை அவர் தட்டக்கூட இல்லை. "காலே இல்லாத சாமானு. இத நம்பி எப்படி உக்கார்றது?"

"எங்க ஊர்ல ஆறரை அடி ஆளுங்க உக்கார்றாங்கப்பா."

"எது உங்க ஊரு?" என்றார்.

நான் கடைக்காரரிடம் பில் போடச் சொன்னேன்.

தொட்டியைப் புதைக்கத் தோதான தடித்த சுவர் அந்தச் சந்தில் ஒன்றுதான். அது பொதுச்சுவர். தாத்தா வீட்டை நடுவில் தடுத்து அப்பாவும் சித்தப்பாவும் பாகம் பிரித்துக்கொண்ட நாளிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. அந்தச் சுவரில் ஆணி அடிப்பதானாலும் அடுத்த பக்கத்தில் சொல்லிவிட்டுத்தான் அடிக்கவேண்டும் என்பது ஊர் வழக்கம். வெளிநாட்டில் இருந்ததில் எனக்கு அது மறந்துவிட்டது. கொத்தனார் உளியை வைத்துக் கொஞ்ச நேரத்தில் சித்தப்பா வந்து நின்றார். நல்ல கனத்த ஆள்.

"பாப்பா, உங்கப்பாவக் கேளு. நான் வெதநெல்லு அடுக்கியிருக்கிற சுவத்துல கக்கூஸ் வைக்கிறாராமா?"

அவருக்கு எதிரே நாற்காலியில் இருந்த அப்பா என்னைப் பார்த்தார். "சுவத்துல பாதி என்னுதுன்னு சொல்லு அவன்கிட்ட."

"எந்தப் பாதின்னு கேட்டுச் சொல்லு. ஈரம் பாஞ்சா வெதை அங்கயே மொளைச்சுடும்."

நான் என்ன போஸ்ட்மேனா? எனக்குப் பொறுக்கவில்லை. "சித்தப்பா, உங்க அண்ணன் ராத்திரி சோறு திங்கிறதில்ல. தின்னா காலைல கொல்லைக்கு ஒருத்தர் தூக்கிட்டுப் போவணும்னு வயித்தக் கட்டிக்கிட்டு இருக்காரு. உங்க வெதநெல்லு பெருசா இருந்தா சொல்லுங்க, சுவத்தப் பூசிடுறோம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா அண்ணனின் நீட்டிய காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பிப் போய்விட்டார். பஞ்சாயத்தைக் கூட்டி வரத்தான் போகிறார் என்று கொத்தனார் உளியைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் மூட்டையை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. விதைநெல்லைச் சுவரை விட்டு நகர்த்திக்கொண்டிருந்தார்.

பீங்கான் மாட்டி முடிந்த அன்று அப்பா உட்கார மறுத்தார். "மொதல்ல அவன உக்காரச் சொல்லு. அவனத் தாங்குனா எதையும் தாங்கும்." நான் போய்ச் சொன்னேன். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சந்துக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நாங்கள் வெளியே பீங்கான் உடைகிற சத்தத்துக்காகக் காத்திருந்தோம். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஆடலண்ணே. தைரியமா வந்து உக்காருங்க."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்ப நீ வெளிய வாடா" என்றார்.

நான் கிளம்புவதற்குள், விதைநெல் இருந்த இடத்தில், அதே சுவரில் கொஞ்சம் தள்ளிச் சித்தப்பாவும் ஒன்று மாட்டிக்கொண்டார். கிணறு, தென்னை, களம், மாட்டுக்கொட்டகை எல்லாம் பிரித்துக்கொண்ட இரண்டு பேரும் திரும்ப ஒன்றாகச் சேர்ந்தது செப்டிக் டேங்கில்தான். இப்போது போன் செய்தால் அப்பா தன் காலைப்பற்றிச் சொல்வதில்லை. தம்பி பக்கம் தண்ணி ஊத்துற சத்தம் கேட்டுச்சு, எழுந்துட்டான், அவனுக்கும் ஒரு டீ போடணும் என்று போனை வைத்துவிடுகிறார். பொறாமையாகத்தான் இருக்கிறது.

இங்கே நெதர்லாந்தில் நானும் கணவரும் இருப்பதும் வரிசை வீடு, பக்கத்து வீட்டோடு ஒரே சுவர். பக்கத்து வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது. போன வாரம் ஒரு காலை, இன்னும் விடியாத குளிரில், சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. சித்தப்பா எழுந்துவிட்டார் என்று எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தேன். தூக்கம் தெளிந்தபோது டீயை ஆற்றி முடித்திருந்தேன். என் வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, மேடையில் ஆவி பறந்த நாலு டம்ளரையும் பார்த்து, யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார்.