நாலரைக்கு முன் அடிக்காத மணி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், காபிப் பழம் பறிக்கும் ஒரு டிசம்பரில், ஜப்பானிய இசையமைப்பாளர் ஒருவரை ஏற்காட்டுக்கு அழைத்துப் போனேன். நான் அந்த மலையில் பிறந்தவன். அப்போது சென்னையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளன். அவர் நாற்பது படங்களுக்கு மேல் இசையமைத்தவர். கச்சேரிக்கென்று ஒரு சிம்பொனி எழுதிக்கொண்டிருந்தார். முடிவு மட்டும் இரண்டு வருடமாக அமையவில்லை. “படத்தில் காட்சி முடிந்தால் இசையும் முடியும். இதை எங்கே நிறுத்துவது?” என்று வழியெல்லாம் புலம்பினார். மார்ச்சில் அரங்கேற்றம் வேறு.

சேலத்தில் காலை எட்டுக்கு டாக்சி, வாடகை 350 ரூபாய். குப்பனூர் வழியாகப் பத்தரைக்கெல்லாம் ஏரி. படகு, வியூ பாயிண்ட் என்று எங்கள் ஊர் அழகையெல்லாம் காட்டினேன். மனுஷர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனத்துக்குள் திட்டினேன். (பிறகு அதை எனக்கே சொல்லிக்கொண்டேன்.)

திரும்பும் வழியில் இரண்டரைக்குக் கொட்டச்சேடு என்ற ஊரில் டீ குடிக்க நின்றோம். அங்கே காபி எஸ்டேட் கொட்டகையில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கியது. வேலை முடிந்தது என்று அடிக்கும் மணி அதுதான். அதைக் கேட்டே தீர வேண்டும் என்றார் இசையமைப்பாளர். மணிக்குப் பொறுப்பு ஆரோக்கியமேரி அக்கா.

“ஒரே ஒரு தட்டு தட்டுங்கக்கா” என்றேன்.

“ஏனுங்க, வெளயாடறீங்களா? இப்பத் தட்டுனா அத்தன பேரும் கூடைய எறக்கி வெச்சுட்டு ஊட்டுக்குக் கெளம்பிருவாங்க. இருவது வருசத்துல ஒரு நா முன்னப்பின்ன அடிச்சதில்லீங்க. நாலரைக்கு வாங்க.”

டிரைவர் முணுமுணுக்க, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நாலரைக்கு அக்கா சுத்தியலால் ஓங்கி ஒரே அடி அடித்தார். சரிவில் பழம் பறித்தவர்களின் பேச்சு நின்றது. கிளைகளின் சலசலப்பு நின்றது. கூடைகள் ஒவ்வொன்றாகத் தரையில் இறங்கும் ஓசை மட்டும் கேட்டது. “முடிவு கிடைத்துவிட்டது” என்றார் இசையமைப்பாளர்.

கோடையில் அவரிடமிருந்து கேசட்டும் கடிதமும் வந்தன. சிம்பொனியின் கடைசியில் தண்டவாளத் துண்டில் ஒரே அடி; உடனே வாசிக்கும் எண்பது பேரும் வாத்தியங்களைக் கீழே வைத்துவிடுகிறார்களாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. டோக்கியோ மேடையில் இறங்கியவை எங்கள் மலைக் கூடைகள் அல்லவா!

அடுத்த டிசம்பரில் கேசட்டோடு கொட்டச்சேடு போனேன். மூன்று மணிக்கு, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டரில் முழுச் சத்தத்தில் போட்டோம். அக்கா கை கட்டிக் கேட்டார். கடைசியில் அந்த ஒற்றை மணியடி விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால், பக்கத்துச் சரிவிலிருந்து ஆட்கள் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள்.

“மணி மூணே முக்காலுதாங்க ஆவுது!” என்று ரைட்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

அக்காவுக்குத்தான் பெருமை தாங்கவில்லை. “ஜப்பான்ல அடிச்சாலும் நம்ம மணின்னு ஆளுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு பாருங்க!”

ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் குப்பனூர் வழியாகவே போங்கள். பஸ் குறைவு, விசாரித்துக்கொள்ளுங்கள். டிசம்பர் என்றால் ஸ்வெட்டர் அவசியம். ஏரியோடு திரும்பிவிடாமல் கொட்டச்சேட்டில் நாலரை வரை காத்திருங்கள். அந்தக் கேசட் மட்டும் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து ஐந்து மணிக்கு மேல் போடுங்கள்.