விருந்துக்கு வந்த மேஸ்திரி

கொள்ளேகாலிலிருந்து கையில் ஒரு கொத்துவேலைக் கரணையோடு பஸ் ஏறி மைசூருக்கு வந்தவன் நான். நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஹெப்பாளில் முள்ளும் பாறையுமாய்க் கிடந்த இடத்தில் வீடு வீடாக எழுப்பினேன். ஒரு கல்யாண மண்டபம், இரண்டு பள்ளிக்கூடக் கட்டடம், எனக்கென்று ஒரு மாடி வீடு. கூட்டாளி பாதியில் கைவிட்டான், மழை அஸ்திவாரத்தை அரித்தது, அப்போதும் நான் நிற்கவில்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். இங்கிலீஷ் இலக்கணத்திலும் ஒரு கல் வைத்திருக்கிறேன் என்பதுதான் யாருக்கும் தெரியாது.

என் மாடியில் குடியிருந்த டீச்சரம்மா மாலையில் டியூஷன் எடுப்பார். கீழே உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாம் கேட்கும். வினையிலிருந்து வந்தாலும் வாக்கியத்தில் வினையின் வேலையைச் செய்யாத சொல்தான் வெர்பல் என்று தொண்டை வற்றச் சொல்வார். பிள்ளைகளோ செயலைக் குறிக்கிற எந்தச் சொல்லைக் கண்டாலும் அதுதான் வினை என்று கோடு போட்டுவிடும். அரையாண்டிலும் மார்க் போனால் பிள்ளைகளை நிறுத்திவிடுவோம் என்று பெற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். டியூஷனை நம்பித் தனியாகப் பிழைத்தவர் அவர், முகம் வாடிப்போனது.

அந்த வாரம் நான் கட்டிய ஒரு வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். கட்டினவர்களுக்குப் புது வேட்டி கொடுத்து முதல் பந்தியில் உட்கார வைப்பது வழக்கம். என் ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பக்கத்து இலை, அழைப்பின்பேரில் வந்திருந்த டீச்சரம்மாவுடையது. வீட்டுக்காரரின் மச்சான் குனிந்து, கன்னடம் கலந்த தமிழில், "மேஸ்திரி, டேங்க்ல தண்ணி ஏறல, ஸ்வல்ப பாத்துட்டு வந்துடறீங்களா?" என்றார்.

"வேலைக்கு வந்தாத்தானுங்க நான் மேஸ்திரி. இன்னைக்கு விருந்தாளி. பாயசம் போடச் சொல்லுங்க."

பந்தியே சிரித்தது. டீச்சரம்மா மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "அண்ணா, அதை மறுபடி சொல்லுங்க."

"எதம்மா, பாயசத்தையா?"

மறுநாள் மாடியிலிருந்து சத்தம் கேட்டது.

"பில்டிங் ஹவுசஸ் மேட் ஹிம் ப்ரவுட். இதுல பில்டிங் யாரு?"

"மேஸ்திரி மிஸ்!"

"வேலைக்கு வந்திருக்காரா?"

"இல்ல மிஸ், விருந்துக்கு!"

"அப்ப வேலை பாக்கறது?"

"மேட்!"

"ஹவுசஸ்?"

"மேஸ்திரி கூட்டிட்டு வந்த ஆளு மிஸ். ரெண்டு பேரும் ஒரே பந்தி!"

அந்த ஒரே பந்திதான் வெர்பல் ஃப்ரேஸாம். அரையாண்டில் ஒரு பிள்ளையும் அந்தக் கேள்வியில் தவறவில்லை. ஒருவரும் டியூஷனை விட்டு நிற்கவும் இல்லை. பிறகு டீச்சரம்மா சொந்த வீட்டுக்குப் போனார். அதையும் நான்தான் கட்டினேன், ஒரு விரிசல் கிடையாது.

இப்போது அவர் ஒரு பயிற்சிப் புத்தகம் போட்டிருக்கிறார். என் மருமகள் வாசித்துக் காட்டினாள். மேஸ்திரி இருக்கிறார், பந்தி இருக்கிறது, என் பாயசம்கூட இருக்கிறது. நன்றி சொல்லும் பக்கத்தில் கடவுள், அச்சகத்தார், அட்டைப்படம் வரைந்தவர் எல்லாரும் இருக்கிறார்கள். நான் இல்லை.

கட்டிய வீடு எதிலும் என் பெயரைப் பொறிக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அதற்குக் கூலி வாங்கிவிட்டேன். இதற்கு வாங்கவில்லை. ஆகவே டீச்சரம்மா, அடுத்த பதிப்பில் கடவுளுக்கு அடுத்த வரியில் என்னைப் போடுங்கள். வெறும் மேஸ்திரி என்று போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த ஊரில் மேஸ்திரிகள் நிறையப் பேர். முழுப் பெயரும் வேண்டும்.