மாசிலாமணியின் அறுப்புப் பாட்டு

மாசிலாமணிக்கு வாழ்க்கையில் ஒரே ஓர் ஆசைதான். கீர்த்தனைப் புத்தகத்தில் ஏதாவது ஒரு பாட்டின் அடியில், பொடி எழுத்திலாவது தன் பெயர் அச்சாக வேண்டும். அதில் தப்பென்ன? கொடைக்கானலில் ஒரு தேவாலயத்து ஆர்கனை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்றிலிருந்து மிதித்து மிதித்து வாசித்தவர் அவர். குளிரில் கட்டைகள் ஊறிப்போய் ஒன்றை அழுத்தினால் இரண்டு கத்தும். போதாக்குறைக்குச் சபையார் வேறு, எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் ஜவ்வுமிட்டாய் மாதிரி இழுப்பார்கள்.

மிஷன் விடுதியில் வளர்ந்த மனிதர். ஏதோ ஒரு விஷக்காய்ச்சல் வருஷத்தில் பால்குடி மறக்காத பிள்ளையை யாரோ கொண்டுவந்து விட்டுப் போனார்களாம். எந்த ஊர், யார் பெற்றது என்று சொல்ல ஆளில்லை. அவரும் கேட்டதில்லை.

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகைக்கு வருஷத்துக்கொரு பாட்டுக் கட்டுவார். அட்டுவம்பட்டி வீட்டிலிருந்து கோயிலுக்கு நடக்கும்போது மெட்டு வரும், வார்த்தை பிறகு. பெரும்பாலும் அடுத்த வாரமே ஊர் மறந்துவிடும். ஐம்பத்தொன்பதில் வந்த மெட்டு அப்படியில்லை. பயிற்சியில் கேட்ட போதகர் எழுந்தே நின்றுவிட்டார்.

"இதை மெட்ராசுக்கு அனுப்புறேன். புதுப் புத்தகத்துல உங்க பேரோட வரும்."

அன்றைக்கு மாசிலாமணிக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

பண்டிகையன்று பீடத்தடியில் உருளைக்கிழங்கும் பூண்டும் காலைக் கட்டிப் போட்ட கோழியும் குவிந்து கிடந்தன, ஆராதனை முடிந்ததும் ஏலம். சபை முதல் அடியைப் பாடி முடித்தது. இரண்டாம் அடிக்கு இவர் துருத்தியை மிதிப்பதற்குள் வாசலிலிருந்து ஒரு பெண்குரல் அதைப் பாடிவிட்டது. வார்த்தை வேறு, மெட்டு அச்சு அசலாக அதே. சந்தைக்குப் பூண்டு கொண்டுவந்த மன்னவனூர்க் காளியாயி, கூடையை இறக்கி வைத்து, மாரில் அடித்துக்கொண்டு பாடினாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"யாருங்க செத்துப்போனது?"

சபை சிரித்துவிட்டது. "நாம இழுக்குற இழுப்புக்கு ஒப்பாரின்னே நெனச்சுட்டா" என்றார் மூப்பர் தங்கமுத்து.

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. யாரும் பாடாத இரண்டாம் அடி அவளுக்கு எப்படித் தெரியும்? திருடிவிட்டேனா? யாரிடம், எப்போது? நினைவு தெரிந்து மலையின் அந்தப் பக்கம், மன்னவனூருக்கு, அவர் போனதே கிடையாது. ஏலம் நடக்கும்போதே வெளியே ஓடி அவளைப் பிடித்தார்.

"ஏம்மா, அந்தப் பாட்டு உனக்கு எப்படித் தெரியும்?"

"என்னங்க இப்பிடிக் கேக்குறீக? எங்க ஊருல பாடுறதுதானே."

"எல்லாச் சாவுக்குமா?"

"அதெப்பிடி? கைப்பிள்ளைய விட்டுட்டு ஆத்தாக்காரி செத்தா மட்டுந்தான். அந்தப் பிள்ளைய மடி மாத்தி மடி மாத்தி வச்சுக்கிட்டுப் பாடுவோம். அது தூங்குற வரைக்கும் நிறுத்த மாட்டோம்." பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எங்க கேட்டீக?"



அதன்பின் மனிதருக்குப் பித்துப் பிடிக்காத குறை. ஒரு நாள், அந்த மடியில் கிடந்தது தான்தான் என்று தோன்றும். மறுநாளே, சும்மா கிட, வழியில் எந்தக் கூலிக்காரியோ முணுமுணுத்தது காதில் விழுந்திருக்கும் என்று தோன்றும். வாசிக்கையில் கை தப்பியது.

"தேவையில்லாத குழப்பம்" என்றார் விஷயத்தைக் கேட்ட போதகர். "பாட்டு உங்களது. பேர் போட்டு அனுப்பிடுறேன்."

"என் பேரு வேண்டாங்கய்யா."

"பின்னே மெட்டு யாருதுன்னு போட?"

"எங்க ஊரு மெட்டுன்னு போடுங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது, எங்க ஊர் என்று அவர் இதுவரை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"எந்த ஊரு?" என்றார் போதகர், ஒன்றும் புரியாமல்.

"மன்னவனூருன்னு நெனைக்கிறேங்கய்யா. நிச்சயமாத் தெரியல" என்று சொல்லிவிட்டு மாசிலாமணி தேம்பித் தேம்பி அழுதார்.