குடிக்காதவருக்குக் கட்டிய கயிறு

கொட்டாம்பட்டியிலிருந்து மதுரை கே.கே. நகர் நரம்பு டாக்டரிடம் போவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். போன ஆடியில் என் அண்ணனைக் கூட்டிப் போனேன். கோபம் இன்னும் ஆறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அண்ணன் லாரி புக்கிங் ஆபீசில் சரக்கு அனுப்புகிறவர். இரண்டு வருடமாகக் கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம். சாராய வாடைக்கே மூக்கைப் பொத்துகிற மனிதர்தான். ஆனாலும் குடிதான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. குடியை விடுகிறவர்கள் கோயிலில் சத்தியம் செய்து மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்வது எங்கள் பக்க வழக்கம். குடிக்காதவருக்கு அதைக் கட்டிவிட்டோம். கயிறு வாங்கி வந்த புண்ணியவான் நான். டீக்கடை டீக்கடையாக அவரைப்போலத் தள்ளாடிக் காட்டிச் சிரிக்க வைத்த கோமாளியும் நானே.

மதினிதான் புக்கிங் நோட்டை என் முன்னால் போட்டது. அண்ணன் எழுத்து மாதாமாதம் சுருங்கி எறும்பாகியிருந்தது. "குடிச்சவுக எழுத்து கோணும். சுருங்குமா?"

காலை 6.10 பஸ். மாட்டுத்தாவணிக்கு ஒன்றேகால் மணி நேரம், டிக்கெட் பதின்மூன்று ரூபாய். அண்ணன் படியில் தயங்கினார்.

"காலங்காத்தாலயேவாண்ணே?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அறையலாம் போலிருந்தது. ஆனால் அது நான் கிளப்பிவிட்ட ஜோக்கு.

ஆட்டோ முப்பது ரூபாய். டாக்டர் அண்ணனை நடக்கவிட்டுப் பார்த்தார், எழுதச் சொன்னார். பார்க்கின்சன் என்றார்.

"மூளை செல்லுக்குள்ள சரக்கைச் சின்னச் சின்ன சவ்வுப் பையில கட்டி அனுப்புது. ஏத்த, சரியான எடத்துல எறக்க, கழிவை அள்ளிட்டுப் போகன்னு தனித்தனி புரதம் இருக்கு. அதுக சொதப்பினா உள்ள தேங்கி, செல் சாகுதுன்னு சொல்றாங்க. முழுசா இன்னும் தெரியல."

"லோடு வருது, எறக்க ஆளில்ல. குடோன் நாறுது," என்றார் அண்ணன். "அம்புட்டுத்தான டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். முழுதாகக் குணமாகாது, மாத்திரையில் நடுக்கம் அடங்கும், ரெண்டு வருடம் முன்னாலேயே வந்திருக்கலாம் என்றார்.

போகிறவர்களுக்கு: எட்டு மணிக்குள் டோக்கன் வாங்குங்கள். பழைய கையெழுத்து எதையாவது எடுத்துப் போங்கள். நடுங்குகிற கையில் டம்ளரை நிரப்பிக் கொடுக்காதீர்கள். முக்கியமாக, கோயிலுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம்.

திரும்பும் பஸ்ஸில் அண்ணன் கயிற்றைப் பல்லால் அவிழ்த்தார். நடுங்கும் விரல்களால் என் மணிக்கட்டில் கட்டினார். முழுதாகக் கால் மணி நேரம் ஆனது.

"ஒன் வாய்க்குக் கட்டுறேன்டா. அவுத்துறாத."

அவிழ்க்கவில்லை. நான் எப்போது குடிக்க ஆரம்பித்தேன் என்று இப்போது டீக்கடையில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.