தேங்காயெண்ணெய் அந்துவான்

வைத்திக்குப்பத்து மீன்காரி குசினி வாசலில் கூடையை இறக்கும்போதே சொன்னாள்: "தெரியுமாண்ணே, தேங்காயெண்ணெய்க்காரரு காலையில போய்ட்டாரு." கையிலிருந்த எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்துவிட்டேன். ஏழு வருஷமாக ஊர் அவரைக் கூப்பிட்டது அந்தப் பட்டப்பெயரால்தான். செத்த பிறகும் அது அவரை விடவில்லையே!

அவரை அறிந்தவர்களே, அந்துவான் அண்ணன் இந்தப் பிரெஞ்சுத் துரை வீட்டில் பெரிய சமையற்காரராக இருந்தபோது நான் அவருக்குக் கீழே இரண்டாவது ஆள். பச்சை இலைகளில் எண்ணெயும் வினிகரும் கலந்து அவர் செய்யும் சலாதுக்கு ஊரெல்லாம் பேர். மூன்று கரண்டி எண்ணெய், ஒரு கரண்டி வினிகர், உப்பு, மிளகு, வேறொன்றும் இல்லை. ஆகவே எண்ணெயில்தான் அவர் கண். புறங்கையில் ஒரு சொட்டு விடுவார், மோந்து பார்ப்பார், நக்கிப் பார்ப்பார். கப்பலில் ஒலிவ எண்ணெய் வந்தால் அது. வராவிட்டால் புதிதாக ஆட்டிய மல்லாட்டை எண்ணெய், அதாவது கடலெண்ணெய். நல்லெண்ணெய் நாலு சொட்டுக்கு மேல் கூடாது. "அதுக்கு மேல வுட்டா அது ஒண்ணுதான்டா பேசும், எலை வாயத் தொறக்காது" என்பார்.

ஏழு வருஷத்துக்கு முந்தின கிறிஸ்மஸ் விருந்துக்குக் கப்பல் வரவில்லை. "மல்லாட்டை எண்ணெய ஊத்து சூசை" என்று சொல்லிவிட்டு அண்ணன் ரொட்டி வாங்கப் போனார். எனக்கோ மேதாவித்தனம். மல்லாட்டை எண்ணெய் மஞ்சளடிக்கிறது, தேங்காயெண்ணெய் தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் கண்ணுக்கு அதுதான் அழகு என்று அதையே கலந்தேன். மார்கழிக் குளிர் போதாதென்று, பெரிய வீட்டு வழக்கப்படி தட்டை ஐஸ்கட்டி மேல் வைத்து அனுப்பினேன். கவர்னர் மாளிகை விருந்தாளிகள் முன்னால் தட்டைத் திறந்தபோது, இலைக்கு இலை மெழுகு உருக்கி ஊற்றியதுபோல எண்ணெய் உறைந்து கிடந்ததாம்.

துரையின் பெண்சாதி மதாம் ஓர் இலையைக் கையில் பிடித்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள். யார் செய்தது என்று கேட்டாள். நான் விறகைத் தள்ளுவதுபோல் அடுப்புப் பக்கம் குனிந்துகொண்டேன். அப்போதுதான் திரும்பி வந்திருந்த அண்ணன் இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ரொட்டிக் கூடையை மேசையில் வைத்துவிட்டு, "நான்தான் மதாம்" என்றார். அன்றைக்கே வேலை போயிற்று. வாசல்வரை பின்னாலேயே ஓடினேன். "உம் பொஞ்சாதி புள்ளத்தாச்சி. போயி அடுப்பப் பாரு" என்றார். நான் போய் அடுப்பைப் பார்த்தேன். மறு மாதம் அவர் இடமும் எனக்கே கிடைத்தது.

அதன்பின் எந்தப் பெரிய வீடும் அவரைச் சேர்க்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் குழம்பு வைத்தார். அந்தத் தப்பைத் தானே செய்ததாகச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்; பெயரும் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் போய், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் அண்ணே என்றேன். "வுட்றா. பேருதான, அதுவா சோறு போடப்போவுது?" என்றார். எனக்கு அது அப்பாடா என்று இருந்தது. வெட்கம், ஆனால் உண்மை.

கல்லறையில் அவர் மகள் திரேசா என்னிடம் கேட்டாள்: "சித்தப்பா, ஐஸ் மேல தேங்காயெண்ண ஒறையும்னு சின்னப் புள்ளைக்கும் தெரியுமே, அப்பாவுக்கு எப்படித் தெரியாமப் போச்சி?" ஒரு பிடி மண்ணைப் போட்டுவிட்டுத் தலை குனிந்து வந்துவிட்டேன். அன்றிலிருந்து குப்பியைச் சாய்க்கும்போதெல்லாம் தோளுக்குப் பின்னால் அவர் நிற்கிறார். "மோந்து பாத்தியா?" என்கிறார். திரும்பினால் அடுப்பு மட்டும் எரிகிறது.

புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் பழக்கம் அவருடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். அந்தப் பெயர் அவருடையது அல்ல. திரேசா, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் தட்டும்போது யாரென்று கேள். தேங்காயெண்ணெய் சூசை வந்திருக்கேம்மா என்று சொல்வேன்.