தீப்பெட்டியை விட்டுப் போகிறவர்

விவேக் நகரில் என் மெடிக்கலுக்கு மாதம் ஒருமுறை வருவார் அந்த ஒல்லியான பெரியவர். கோலார் தங்கவயலில் பாறைக்கு வெடி வைத்தவர். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையை வாங்குமுன், பையிலிருக்கும் தீப்பெட்டியை எடுத்து என் மேஜையில் வைப்பார். திரும்ப எடுக்கவே மாட்டார்.

"எதுக்குங்க இது?" என்றேன்.

"மொத மாத்திரையிலயே தலை விண்ணு விண்ணுன்னு தெறிச்சுது சார். டைனமைட்டை வெறுங்கையால தொட்டா வர்ற அதே வலி. டாக்டரைக் கேட்டேன். ரெண்டுலயும் நைட்ரோகிளிசரின்தான்னாரு."

"மாத்திரை வெடிக்காதுங்க."

"அவரும் அதான் சொன்னாரு. பாறையப் பொளந்தது நெஞ்சை எப்படி சார் காப்பாத்தும்?"

ரத்தக்குழாயை விரிக்கும் என்று படித்ததைச் சொன்னேன். தலையாட்டினார், நம்பவில்லை.

இப்போதெல்லாம் ஊதுபத்தி ஏற்ற, அவர் விட்டுப்போன தீப்பெட்டியோடு நான் கடைக்கு வெளியே போய்விடுகிறேன்.